ஒரு வருடத்துக்குக் குறையாத குற்றம்

நீதிமன்ற உரைபெயர்ப்பாளராகச் சத்தியம் செய்து இந்த வருடம் வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு அனுபவத்தைப் பேசித் தரும்படி என்னைக் கேட்டார்கள். பேசினால் நடுவில் நின்றுவிடுவேன் என்று பயமாக இருந்தது. ஆகவே எழுதித் தருகிறேன். நான் ஸ்டுட்கார்ட்டிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பல வருடங்கள் தமிழுக்கும் ஜேர்மனுக்கும் இடையில் உட்கார்ந்திருந்தேன். இப்போது வீட்டிலிருந்து பிறப்புச் சான்றிதழ்களும் திருமணச் சான்றிதழ்களும் மட்டும் மொழிபெயர்க்கிறேன். ஏன் விட்டேன் என்பதும் இதற்குள் இருக்கிறது.

சொற்பட்டியல், குறிப்பெடுக்கும் முறை எல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். நான் அவற்றைத் தொடப்போவதில்லை. ஒன்றை மட்டும் முதலில் நினைவூட்டுகிறேன். இந்த நாட்டின் சட்டம் குற்றங்களை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு குற்றத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் ஆகக் குறைந்த தண்டனை ஒரு வருடச் சிறையோ அதற்கு மேலோ என்றால் அது ஃபெர்பிரெஹன், பெருங்குற்றம். அதற்குக் கீழே என்றால், அல்லது அபராதத்தோடு முடியக்கூடியது என்றால், அது ஃபெர்கேஹன், சிறுகுற்றம். கோடு அவ்வளவுதான். களவு போனதின் பெறுமதியோ, அழுதவர்களின் எண்ணிக்கையோ கோட்டை நகர்த்தாது.

இதை நம் ஆட்களுக்கு நம்பவைக்க முடியாது. சீட்டுப் பிடித்துப் பல குடும்பங்களின் சேமிப்பைத் தின்ற ஒருவருக்கு நான் உரைபெயர்த்திருக்கிறேன். அது மோசடி, சட்டத்தின் கணக்கில் சிறுகுற்றம். ஒத்திவைத்த சிறைத்தண்டனையோடு அன்றே வீட்டுக்குப் போனார். வெளியே காத்திருந்த ஒரு பெண், "இவ்வளவு சனத்தின்ர வயித்தெரிச்சல் இவையளுக்குச் சின்னக் குற்றமோ?" என்று என்னைத்தான் கேட்டாள், சட்டத்தை நான் எழுதியதுபோல.

இன்னொன்று. சிறுகுற்றம் பலவேளைகளில் தபாலிலேயே முடிந்துவிடும். மஞ்சள் உறையில் தண்டனை வரும், கட்டினால் சரி. பெருங்குற்றம் அப்படி முடியாது. நீதிபதி முன்னால் நிற்க வேண்டும், வழக்கறிஞர் இல்லாமல் நிற்கவும் விடமாட்டார்கள். நீங்கள் வைக்காவிட்டால் நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும். நம் பெற்றோர் அந்தக் கடிதத்தைக் கண்டதும் ஆறுதலடைவார்கள். அரசாங்கமே ஆள் தந்திருக்கிறது, அப்படியானால் பெரிய விசயமில்லை என்பார்கள். அவர்கள் ஆறுதலடையும் அந்த இடத்தில்தான் எனக்குப் பயம் தொடங்கும்.

நிரோஷனின் அப்பாவும் அப்படித்தான் தொடங்கினார். நிரோஷன் என்பது நான் வைத்த பெயர். அது கதவு மூடிய அறையில் நடந்த இளையோர் வழக்கு. ஊரையும் கடையையும் மாற்றியிருக்கிறேன், அடையாளம் தேடாதீர்கள்.

பையனுக்குப் பதினேழு வயது. முன்பு ஒரு வழக்கும் இல்லை. ஒரு கடையில் வாசனைத் திரவியப் பெட்டி ஒன்றை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியேறப் பார்த்திருக்கிறான். வாசலில் கடைக் காவலர் மறித்திருக்கிறார். இவன் அவரைத் தள்ளியிருக்கிறான். அவர் கண்ணாடிக் கதவில் மோதித் தோள்பட்டை வீங்கியது. பையன் தெருவில் கொஞ்சத் தூரம் ஓடி, பிறகு தானாகவே நின்றுவிட்டான்.

இங்கே கேள்வி ஒன்றே ஒன்று. ஏன் தள்ளினான்? பிடிபடாமல் ஓடத் தள்ளினான் என்றால் அது ஒரு களவு, ஒரு காயம், இரண்டும் சிறுகுற்றம். எடுத்த பொருளை விடாமல் வைத்திருக்கத் தள்ளினான் என்றால் சட்டம் அவனைக் கொள்ளைக்காரனுக்குச் சமமாக வைக்கிறது. அது பெருங்குற்றம். அதே கை, அதே கதவு, அதே தோள்பட்டை. அந்த ஒரு கணத்தில் அவன் மனத்தில் என்ன இருந்தது என்பதுதான் வித்தியாசம். குற்றப்பத்திரிகை பெருங்குற்றம் என்றே சொல்லியிருந்தது.

பையன் பிறந்து வளர்ந்தது இங்கே. ஜேர்மன் அவனுக்குத் தண்ணீர் மாதிரி. என்னை அழைத்தது அவனுக்காக அல்ல, அவனுடைய பெற்றோருக்காக. பதினெட்டு ஆகாத பிள்ளையின் வழக்கில் பெற்றோருக்கும் அங்கே இருக்கவும் பேசவும் உரிமை உண்டு.

நீதிமன்ற நடைபாதை வாங்கில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா உணவகச் சமையலறையில் வேலை செய்பவர். கல்யாண வீட்டுக்குப் போகும் கோட் போட்டிருந்தார். அம்மா மடியில் கைப்பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பையன் கொஞ்சம் தள்ளி, சட்டைக் கையை விரல் நுனிவரை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் மகனுக்கும் அப்போது அதே வயது. அவனும் பயந்தால் அப்படித்தான் கையை மூடுவான். நான் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"தங்கச்சி ஊரில எவடம்?" என்றார் அப்பா.

"அண்ணை, இங்க நான் அதெல்லாம் சொல்லேலாது. நீதிமன்றத்துக்கு வேலை செய்ய வந்த ஆள் நான்."

"ஏன், நாங்கள் என்ன கலியாணம் பேசவே கேக்கிறம்?"

"பேசினாலும் சொல்லேலாது."

அவர் சிரித்தார். உடனே முகம் மாறியது. "கடிதத்தில ஒரு வருசத்துக்குக் குறையாது எண்டு கிடக்கு. மகனிட்டக் கேட்டா, 'அது பெரியாக்களுக்கு அப்பா, எனக்கில்ல' எண்டிறான். என்னை ஏமாத்திறானோ தெரியேல்ல. இண்டைக்கே கொண்டுபோயிடுவினமோ? பைக்குள்ள உடுப்பு வைச்சுக்கொண்டு வந்தனான்."

வாங்கின் கீழே சிறு பயணப்பை ஒன்று இருந்தது.

பையன் சொன்னது சரி. இளையோருக்குக் குற்றத்தின் பெயர் பெரியவர்களுக்கு உள்ளதேதான், தண்டனைதான் வேறு. சமூக வேலை, ஒரு வார இறுதித் தடுப்பு, பயிற்சி வகுப்பு, மிக மோசமென்றால் இளையோர் சிறை. அந்த ஒரு வருடக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. எனக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் வழக்கறிஞர். "அண்ணை, உங்கட அன்வால்ட் வரட்டும். அவரிட்டக் கேளுங்கோ, நான் அப்பிடியே சொல்லித் தாறன்," என்றேன்.

"அவரை நாங்கள் இன்னும் காணேல்ல. இவன்தான் தனியப் போய்க் கதைச்சவன். எங்களை வரவேண்டாம் எண்டிட்டான்."

இதை நம் வீடுகளில் நீங்கள் திரும்பத் திரும்பக் காண்பீர்கள். பள்ளிக்கூடக் கடிதத்திலிருந்து வரிக் கடிதம்வரை பிள்ளைதான் வாசித்துச் சொல்கிறது. தன்னைப் பற்றிய கெட்ட கடிதத்தையும் அதே பிள்ளைதான் வாசித்துச் சொல்கிறது. வெட்கத்தில் பாதியை விழுங்கிவிடும். நிரோஷன் விழுங்கிய பாதியில்தான், அன்றைக்கு நடந்ததைப் பற்றிப் பெற்றோர் எதுவும் பேசக்கூடாது என்ற வழக்கறிஞரின் முக்கியமான அறிவுரை இருந்தது.

அம்மா அப்போதுதான் என் பக்கம் சரிந்தாள். "பிள்ளை, நீங்கள் எங்கட ஆள். உங்களுக்குச் சொன்னா விளங்கும். அண்டைக்கு என்ன நடந்தது எண்டு இவன் எனக்குச் சொன்னவன்—"

"அக்கா, எனக்குச் சொல்லாதேங்கோ."

"ஏன்?"

"எனக்குத் தெரிஞ்சா அது உங்களுக்கு நல்லதில்ல. அன்வால்ட்டுக்குச் சொல்லுங்கோ."

அவள் முகம் சுருங்கியது. தண்ணீர் கேட்டு இல்லை என்று சொன்னதுபோல என்னைப் பார்த்தாள். புதியவர்களே, இந்தப் பார்வையைத் தாங்கப் பழக வேண்டும். நீங்கள் அவர்களுடைய ஆள் இல்லை. எதிர்த்தரப்பின் ஆளும் இல்லை. அவர்களுடைய மொழியைப் பேசிக்கொண்டே அவர்களுடைய ஆள் இல்லாமல் இருப்பதுதான் வேலை. இரகசியம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் உள்ளே போனதும் அது உங்கள் குரலில் ஏறிக்கொள்ளும்.

வழக்கறிஞர் வேறொரு அறையிலிருந்து வேகமாக வந்தார். அம்மா அவரோடு பேச விரும்புகிறாள் என்று நான் சொன்னேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். "முடிந்த பிறகு, நிச்சயமாக," என்றார். அதையும் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அவள் தலையசைத்தாள்.

உள்ளே நீதிபதி ஒரு பெண். இரண்டு பக்கமும் பொதுமக்களிலிருந்து வந்த இரண்டு நடுவர்கள். நான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில், குரலைத் தாழ்த்தி ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வழக்கறிஞர் பையன் சார்பில் ஒரு கூற்று வாசித்தார். எடுத்தது உண்மை. பயத்தில், ஓடுவதற்காக மட்டும் தள்ளியது உண்மை. பொருளைப் பற்றி அந்த நேரத்தில் நினைக்கவே இல்லை. கடைக் காவலர் வந்து சாட்சி சொன்னார். நல்ல மனிதர். பையன் ஒரு கையால் ஜாக்கெட்டை மூடிப் பிடித்திருந்தான், மற்றக் கையால் தள்ளினான் என்றார். ஏன் மூடிப் பிடித்திருந்தான் என்று தனக்குத் தெரியாது, மழை நாள்தானே, குளிராகவும் இருந்திருக்கலாம் என்றார். அரச வழக்கறிஞர் பேனாவைக் கீழே வைத்தார். பெருங்குற்றம் நிற்காதுபோல் இருக்கிறது, களவும் காயமும் மட்டும் என்றால் சமூக வேலையோடு தீர்ப்பே இல்லாமல் வழக்கை நிறுத்துவது பற்றி யோசிக்கலாம் என்று நீதிபதியைப் பார்த்துச் சொன்னார். அதை நான் தமிழில் சொன்னபோது அப்பாவின் தோள்கள் இறங்கின.

அங்கேயே நின்றிருக்கலாம்.

நீதிபதி வழக்கப்படி பெற்றோரைக் கேட்டார், ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று. அப்பா இல்லை என்று தலையாட்டினார். அம்மா எழுந்து நின்றாள். "அண்டைக்கு நடந்ததைப் பற்றி ஒண்டு சொல்லோணும்."

நீதிபதி கையை உயர்த்தினார். மெதுவாக, தெளிவாகச் சொன்னார்: நீங்கள் தாய். உங்கள் மகனுக்கு எதிராகப் போகக்கூடிய எதையும் நீங்கள் சொல்லத் தேவையில்லை. பேசாமல் இருந்தால் யாரும் அதைக் குறையாக எடுக்கமாட்டார்கள். நான் ஒரு சொல் விடாமல், அவரைவிட மெதுவாகச் சொன்னேன். "விளங்கினதோ எண்டு கேக்கிறா," என்றும் சொன்னேன்.

அம்மா நீதிபதியைப் பார்த்துப் புன்னகைத்தாள். அந்தப் புன்னகை எனக்குத் தெரியும். நம் வீட்டுக்கு வந்தவரிடம், தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டால் வேண்டாம் என்பார். வேண்டாம் என்றவரை விட்டுவிடுவது மரியாதை இல்லை. இரண்டாம் தரமும் கேட்போம். அதேபோல, நீங்கள் சிரமப்பட்டுச் சொல்ல வேண்டாம் என்று ஒரு பெரிய மனிசி சொன்னால், பரவாயில்லை, சொல்கிறேன் என்பதுதான் எங்கள் பண்பு. ஒரு சட்டப் பாதுகாப்பை அவள் உபசாரமாக எடுத்துக்கொண்டாள். சொற்கள் எல்லாம் சரியாகத்தான் போய்ச் சேர்ந்தன. நீதிபதி என்ன சொன்னார் என்று கேட்டிருந்தால் அவள் ஒப்புவித்திருப்பாள்.

"எனக்கு ஒளிக்க ஒண்டுமில்லை," என்றாள். வழக்கறிஞர் பாதி எழுந்தார். நான் அதை ஜேர்மனில் சொல்லி முடிப்பதற்குள் அவள் தொடர்ந்துவிட்டாள்.

"என்ர பிள்ளை கள்ளனில்ல. எனக்குப் பிறந்தநாள் வந்தது. ஒருநாளும் ஒருத்தரும் எனக்கு ஒண்டும் வாங்கித் தந்ததில்லை எண்டு நான்தான் விசர்க்கதை கதைச்சனான். அதுக்குத்தான் எடுத்தவன். அந்த மனுசன் பிடிக்கேக்க, குடுத்தா அம்மாவுக்கு இல்லாமப் போயிடுமெண்டுதான் விடாமத் தள்ளினவனாம். அவனே சொன்னவன். தாய்க்காகச் செய்த பிள்ளையை நீங்கள் மன்னிக்கோணும்."

அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நான்கு பேர். அப்பாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. மனைவி நன்றாகப் பேசிவிட்டாள் என்ற முகத்தோடு இருந்தார். தாயின் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று தெரிந்தது இரண்டு பேருக்குத்தான். நானும் நிரோஷனும். அவன் என்னைப் பார்த்தான். தலையை மிகச் சிறிதாக, இடமிருந்து வலமாக அசைத்தான்.

நீதிபதி என் பக்கம் திரும்பிக் காத்திருந்தார்.

அந்த இடைவெளி ஒரு மூச்சு நீளம்தான் இருக்கும். அதற்குள் எனக்குத் தெரிந்த வழிகள் எல்லாம் வந்துபோயின. ஒரு வாக்கியத்தைத் தவறவிடலாம். "விடாமல்" என்பதை "பயந்து" என்று மாற்றலாம். யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவன் என்னைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். என் மகன் வயது.

நான் சொன்னேன். பிறந்தநாளையும் சொன்னேன். விசர்க்கதையையும் சொன்னேன். குடுத்தா இல்லாமல் போயிடும் என்பதையும், விடாமல் என்பதையும், மன்னிக்கோணும் என்பதையும், அவள் சொன்ன ஒழுங்கில், அவள் சொன்ன அளவு சத்தத்தில் சொன்னேன்.

ஏன் என்று கேட்பீர்கள். சத்தியம் செய்திருக்கிறேன் என்பது பதிலின் ஒரு பகுதி. மற்றப் பகுதி இது. இன்று ஒரு தாய்க்கு இரங்கி நான் ஒரு வாக்கியத்தை விழுங்கினால், நாளைக்கு இன்னொரு தாய் தன் பிள்ளையைக் காப்பாற்றக்கூடிய வாக்கியத்தைச் சொல்லும்போது, அந்த நீதிபதி அதை எதற்காக நம்ப வேண்டும்? எங்கள் வாயை நம்பித்தான் மொழி தெரியாத ஒருவர் அந்த அறைக்குள் வருகிறார். அதில் எது அவருக்கு நல்லது என்று தெரிவு செய்யும் உரிமை எங்களுக்கு இல்லை. இது எனக்கு அன்றைக்கும் தெரியும், இன்றைக்கும் தெரியும்.

அரச வழக்கறிஞர் பேனாவை மறுபடி எடுத்தார். வழக்கறிஞர் இடைவேளை கேட்டார். பையனோடு தனியாக வெளியே போய்த் திரும்பினார். நீதிபதி பையனைக் கேட்டார். அம்மா சொன்னதைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லத் தேவையில்லை என்று அவனுக்கும் சொன்னார். அவன் எழுந்து நின்று, சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, "அம்மா சொன்னது சரி," என்றான். வழக்கறிஞர் கண்ணை மூடித் திறந்தார்.

தீர்ப்பில் பெருங்குற்றம் என்ற சொல் இருந்தது. ஆனால் சிறை இல்லை. சமூக வேலை, ஒரு வார இறுதித் தடுப்பு, கடைக் காவலரிடம் நேரில் மன்னிப்பு. கடைசியில் உண்மையைச் சொன்னதைக் கணக்கில் எடுத்ததாக நீதிபதி சொன்னார். இதை மொழிபெயர்த்தபோது அப்பா முதலில் கேட்டது, "அப்ப இண்டைக்குக் கொண்டுபோகேல்லையோ?" என்றுதான். வழக்கறிஞர் இல்லை என்றார். இல்லை அண்ணை என்று அதைச் சொன்னேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் மகனிடம், "கடையில ஆராவது மறிச்சா, கையில இருக்கிற எல்லாத்தையும் கீழ வைச்சிட்டு நில்," என்றேன். "அம்மா, நான் என்ன களவே எடுக்கப்போறன்?" என்று சிரித்தான். "எடுத்தாலும் வைச்சிட்டு நில்," என்றேன். அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டான். இப்போதும் அவன் பிந்தி வரும் நாட்களில் நான் அதையே திருப்பிச் சொல்கிறேன். எந்தத் தாய் தன் பிள்ளைக்கு இப்படி ஒரு புத்திமதி சொல்வாள் என்று பிறகு அழுகை வரும்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல வந்தது நீதிமன்ற அறைக்குள் நடந்ததை அல்ல, தீர்ப்புக்குப் பிறகு நடைபாதையில் நடந்ததை. வழக்கறிஞர் அப்பாவுக்கு ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். இந்தத் தீர்ப்பு வேலைக்குக் கொடுக்கும் நன்னடத்தைச் சான்றிதழில் வராது, அவனுக்குக் கிடைத்திருக்கும் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி இடத்துக்கு ஆபத்து இல்லை என்றார். அம்மா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தான் பேசும்வரை அந்த அறை எப்படி இருந்தது, பேசிய பிறகு எப்படி மாறியது என்று. கடைசியில் என் கையைப் பிடித்தாள்.

"பிள்ளை, நான் சொன்னதாலயோ?"

கேள்வி என்னிடம்தான். தமிழில்தான். நான் வழக்கறிஞரைப் பார்த்து அதை ஜேர்மனில் கேட்டேன். அவர் அவளை நேராகப் பார்த்து, "இல்லை. உங்களால் எதுவும் மாறவில்லை," என்றார்.

அவருக்கும் எனக்கும் அது உண்மை இல்லை என்று தெரியும். அறைக்குள் உண்மையை எப்படிச் சொன்னேனோ, அதே அளவு சத்தத்தில் இதையும் சொன்னேன். "இல்லையாம் அக்கா. உங்களால ஒண்டும் மாறேல்லையாம்."

"அவர் சொல்லுறார். நீங்கள் சொல்லுங்கோ."

நான் வழக்கறிஞரின் பக்கம் திரும்பினேன். என்னிடம் சொல்லச் சொந்தமாக ஒன்றும் இருக்கக்கூடாது என்பதைத்தான் இத்தனை வருடமும் பழகியிருந்தேன். இந்தப் பழக்கத்தோடு இன்னொரு தாய்க்கு முன்னால் உட்கார முடியாது என்று அன்றைக்கு விளங்கியது, அதனால்தான் நீதிமன்ற வேலையை விட்டேன்.

நிரோஷன்தான் குனிந்து கீழே கிடந்த பயணப்பையை எடுத்தான். நிமிர்ந்தபோது தாய்க்கு முன்னால் நின்றான். அவனுடைய தமிழ் தட்டுத் தடுமாறி வந்தது.

"அம்மா, அந்தக் கடை ஆள் என்னட்ட ரெண்டு தரம் கேட்டவர், அதை விடு, விட்டிட்டுப் போ எண்டு. அவர் அதை உள்ள சொல்லேல்ல. நான் விடேல்ல. நீங்கள் சொல்லாட்டியும் நான் அதைச் செய்ததுதான்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையை விட்டாள்.

வழக்கறிஞர் என்னைப் பார்த்தார். மகன் என்ன சொன்னான் என்று அவருக்குத் தெரிய வேண்டும். நான் வழக்கம்போல மூச்செடுத்தேன். நிரோஷன் முந்திக்கொண்டு ஜேர்மனில் அவரிடம் சொன்னான், "அது அம்மாவுக்கு மட்டும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். இந்த வேலையில் நான் மொழிபெயர்க்காமல் விட்டது, அவன் தாயிடம் சொன்ன அந்த ஒன்றைத்தான். அதை விடும்படி கேட்கும் உரிமை உள்ளவன் கேட்டான்.